கலாத்தியர் பேசிய மொழி

கி.பி. 386-ஆம் ஆண்டையொட்டிப் பெத்லகேமில் தங்கி, அப்போஸ்தலர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்துக்கு வியாக்கியானம் இயற்றிக்கொண்டிருந்த ஜெரோம் என்னும் லத்தீன் பண்டிதர், அந்நூலின் இரண்டாம் பாகத்து முன்னுரையில், தம் காலத்துக் கலாத்தியர் கீழ்த்திசை முழுவதும் வழங்கும் கிரேக்கத்தோடு தமக்கென்று ஒரு தனிமொழியும் உடையவர்கள் என்றும், அது ஏறக்குறையத் திரெவேரியர் பேசும் மொழியே என்றும், இடையில் சிறிது சிதைவுற்றிருந்தாலும் அதனால் பாதகமில்லை என்றும் எழுதிவைத்தார். திரெவேரியர் வாழ்ந்தது மோசல் நதிக்கரையில், இன்றைய ஜெர்மனியின் மேற்கெல்லையிலுள்ள ட்ரியர் நகரைச் சூழ்ந்த நாட்டில். கலாத்தியர் வாழ்ந்தது ஆசியா மைனரின் நடுவிலுள்ள மேட்டுநிலத்தில், இன்று துருக்கியின் தலைநகராக விளங்கும் அங்காராவைச் சூழ்ந்த நாட்டில். இவ்விரண்டு நாடுகளுக்கும் இடையே ஐரோப்பாக் கண்டத்தின் பெரும்பகுதி கிடக்கிறது. கலாத்தியர் ஆசியாவுக்குள் கால்வைத்த நாளுக்கும் ஜெரோம் எழுதுகோல் எடுத்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ 660 ஆண்டுகள் கழிந்திருந்தன. அத்தனை தூரத்தையும் அத்தனை காலத்தையும் கடந்து ஒரு மொழி தன் உருவம் மாறாமல் நின்றது என்று ஒரு பெரியவர் சொல்லும்போது, அதனை அப்படியே ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

கலாத்திய மொழியைப்பற்றிய விவாதம் முழுவதும் ஏதோ ஒரு வகையில் இவ்வாக்கியத்தைச் சுற்றியே நடந்துவருகிறது. அது எந்த இனத்து மொழி என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். எந்த நூற்றாண்டு வரை அது பேசப்பட்டது என்று பிறகு கேட்டார்கள். ஜெரோம் அதனைக் காதால் கேட்டாரா, அல்லது ஏட்டில் கண்டதை எடுத்தெழுதினாரா என்று இப்போது கேட்கிறார்கள். முதற்கேள்வி தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். மற்ற இரண்டும் தீரவில்லை. ஆயினும், கிடைத்துள்ள சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஒருவர், ஜெரோமின் கூற்றில் மறுக்கத்தக்கது எது, நம்பத்தக்கது எது என்று பிரித்துக் காணமுடியும் என்பது என் எண்ணம்.

கலாத்தியரின் பூர்வ சரித்திரம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்ததே. கி.மு. 279-இல் பிரென்னுஸ் என்பவனுடைய தலைமையில் கெல்ட்டியர் கிரேக்கத்துக்குள் புகுந்து தெல்பி என்ற புண்ணியத்தலம்வரை சென்றார்கள். அப்பெருங்கூட்டத்திலிருந்து பிரிந்து லெயோனோரியுஸ், லூத்தாரியுஸ் என்ற இருவரைத் தலைவர்களாகக் கொண்டு திரேஸ் வழியாகக் கிழக்கே நகர்ந்த ஒரு பகுதியாரை, தன் சகோதரனோடு அரசுரிமைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த பித்தினியா அரசன் முதலாம் நிக்கோமேதெஸ், கி.மு. 278-இல் துணைக்கு அழைத்து ஜலசந்தியைக் கடக்கச் செய்தான். வந்தவர்கள் 20,000 பேர் என்றும், அவர்களுள் ஆயுதம் தாங்கியோர் 10,000-க்கு மேற்படவில்லை என்றும் ரோமானியச் சரித்திராசிரியர் லிவி கூறுகிறார். மொழியைப்பற்றி ஆராய்பவர்கள் இந்தக் கணக்கைக் கடந்துபோய்விடக்கூடாது. கூலிக்குப் போரிடும் சைனியம் மட்டும் வந்திருந்தால், அவ்வீரர்கள் உள்நாட்டுப் பெண்களை மணந்து இரண்டு தலைமுறைக்குள் தம் மொழியை இழந்திருப்பார்கள். ஆயுதம் தாங்காத மற்றைப் பாதியோ பெரும்பாலும் மனைவியரும் மக்களும் முதியவர்களுமாதலின், வந்தது குடும்பத்தோடு பெயர்ந்த ஒரு சமூகமே, தாய் பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வீடுகளும் அதனோடு சேர்ந்தே வந்தன.

அவர்கள் மூன்று குலத்தவர். தொலிஸ்தோபோகியர் பெசினுஸ் என்ற கோயில் நகரத்தைச் சார்ந்தும், தெக்தோசாகர் அன்கிரா எனப்பட்ட இன்றைய அங்காராவைச் சார்ந்தும், திரோக்மியர் அதற்குக் கிழக்கே தாவியத்தைச் சார்ந்தும் குடியேறினார்கள். தெக்தோசாகர் என்ற அதே பெயருடைய ஒரு குலம் தெற்குக் கல்லியாவில், இன்றைய பிரான்ஸின் துலூஸ் நகரப் பகுதியில் இருந்தது. மூன்று குலத்தாரும் ஒரே மொழி பேசினார்கள் என்றும், வேறெதிலும் வேறுபடவில்லை என்றும், ஒவ்வொரு குலமும் நான்கு பிரிவுகளாகி ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவன் இருந்தான் என்றும், பன்னிரு தலைவர்களுக்கும் துணையாயிருந்த 300 பேர் கொண்ட சபை துருநெமெதோன் என்ற இடத்தில் கூடிக் கொலை வழக்குகளை விசாரித்தது என்றும் பூகோள நூலாசிரியர் ஸ்திராபோ எழுதுகிறார். அச்சபை கூடிய இடத்தின் பெயரில் வரும் நெமெதோன் என்பது கெல்ட்டியர் தம் தெய்வங்களை வழிபட்ட புனிதத் தோப்பைக் குறிப்பது. கல்லியாவிலும் பிரிட்டனிலும் அச்சொல் அமைந்த ஊர்ப்பெயர்கள் பல உள்ளன.

பின்னர் நிகழ்ந்த யுத்தங்களை இங்கே விரிக்கவேண்டுவதில்லை. பெர்காமம் அரசன் முதலாம் அத்தாலுஸ் அவர்களை வென்று அவ்வெற்றியைச் சிலைகளில் நிலைநிறுத்தினான். சாகும் கல்லியன் என்று உலகம் அறிந்த சிற்பம் அவ்வரிசையைச் சார்ந்ததன் ரோமானியப் பிரதியாகும். கி.மு. 189-இல் ரோமானியத் தளபதி மான்லியுஸ் வூல்சோ அவர்களை மலைகளில் துரத்தி அடக்கினான். கி.மு. 25-இல் அரசன் அமிந்தாஸ் இறந்தபின் அவர்கள் நாடு கலாத்தியா என்ற ரோமானிய மாகாணமாயிற்று. அம்மாகாணத்தின் எல்லை தெற்கே லிக்கவோனியாவையும் பிறவற்றையும் உட்கொண்டு விரிந்தமையால், பவுல் நிருபம் எழுதியது வடக்கிலிருந்த உண்மையான கெல்ட்டியருக்கா, தெற்கு நகரங்களில் இருந்த வேற்றினத்தாருக்கா என்ற மற்றொரு நீண்ட விவாதமும் பிறந்தது. லைட்பூட் என்ற ஆங்கிலேயப் பேரறிஞர் வடபக்கம் நின்றார். அந்நாட்டை நடந்து அளந்த ராம்ஸே தென்பக்கம் நின்றார். நிருபத்தின் மொழி கிரேக்கமேயாதலின் அவ்வழக்கு எப்படித் தீர்ந்தாலும் நம் கேள்விக்கு அதனால் வரும் லாபம் சிறிதே.

இனி, அம்மொழி எந்த இனத்தது என்ற பழைய விவாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பண்டிதர் சிலர், கலாத்தியர் கெல்ட்டியர் அல்லர், தியூத்தானியரே, அதாவது ஜெர்மானியரின் முன்னோரே, என்று வாதித்தார்கள். அவர்கள் கைக்கொண்ட முதற்பிரமாணம் ஜெரோமின் இதே வாக்கியமாகும். திரெவேரியரும் நெர்வியரும் தம்மை ஜெர்மானிய வம்சத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைகொண்டனர் என்று தாசிதுஸ் தம் ஜெர்மானியா என்ற நூலில் குறிக்கிறார். சீஸரின் போர்க்குறிப்புகளைத் தொடர்ந்து எழுதிய ஹிர்தியுஸும், திரெவேரியர் வாழ்க்கைமுறையிலும் மூர்க்கத்திலும் ஜெர்மானியரின் வேறாகத் தோன்றவில்லை என்கிறார். திரெவேரியர் ஜெர்மானியராயின், அவர்கள் மொழியையே பேசிய கலாத்தியரும் ஜெர்மானியரே என்பது அவர்கள் தர்க்கம். அதற்கு மேலும் வலுவூட்டத் தலைவன் லூத்தாரியுஸின் பெயரை லோதார் என்ற ஜெர்மானியப் பெயரோடு பொருத்தினார்கள். கலாத்தியருள் ஒரு சிறுகுலமாகப் பிளினி குறிப்பிடும் தியூத்தோபோதியாகர் என்ற பெயரில் தியூத்தானியரைக் கண்டார்கள். மார்ட்டின் லூதரே, கலாத்தியரின் சந்ததியார் ஜெர்மானியர் என்று சிலர் கருதுவது பொய்யாகாதுபோலும் என்று தம் உரையில் எழுதியிருந்தது அவர்களுக்குப் பெரிய ஊக்கமாயிற்று. 1877-இல் வீஸெலர் என்பவர் இக்கொள்கைக்காகவே ஒரு நூல் வெளியிட்டார்.

இந்தக் கொள்கையை லைட்பூட் அதற்கு முன்பே, 1865-இல் தாம் வெளியிட்ட கலாத்தியர் நிருப உரையில் ஒரு தனி ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு நிதானமாகக் கண்டித்திருந்தார். தியூத்தோ என்ற முற்பகுதி ஜெர்மானியருக்கு மட்டும் உரியதன்று; குடிகள் என்ற பொருளில் அச்சொல் கெல்ட்டிய மொழிகளிலும் உண்டு, ஐரிஷ் மொழியில் இன்னும் வழங்குகிறது. அரசன் என்று பொருள்படும் ரிக்ஸ் என்ற முடிவும், பெரியவன் என்று பொருள்படும் மாருஸ் என்ற முடிவும் கல்லியாவிலும் கலாத்தியாவிலும் ஒருங்கே காணப்படுவதற்கு வேறு சமாதானம் கூற இயலாது. திரெவேரியரும் கெல்ட்டியரே என்பதற்கு, சீஸர் காலத்தில் அக்குலத்தில் போட்டியிட்ட இரு தலைவர்களின் பெயர்களே போதும்: ஒருவன் இந்துதியோமாருஸ், மற்றவன் சிங்கெதோரிக்ஸ். அவர்கள் வணங்கிய ரித்தோனா என்ற தெய்வம் ஆற்றுத்துறையின் பெயரைத் தாங்கியவள். மோசல் கரையிலுள்ள நோய்மாகன் என்ற ஊரின் பழம்பெயரான நோவியோமாகுஸ், புதுவெளி என்று பொருள்படும் தூய கெல்ட்டியப் பெயர். வம்சப் பெருமை வேறு, வாயில் வழங்கும் மொழி வேறு. வலிமை மிக்க அண்டையாரோடு உறவு கொண்டாடும் குலங்கள் எத்தேசத்திலும் உண்டாதலின், தாசிதுஸின் கூற்றைத் திரெவேரியரின் ஆசையைக் காட்டுவதாகக் கொள்ளலாமேயன்றி அவர்கள் மொழியைக் காட்டுவதாகக் கொள்ளலாகாது. ஜெர்மானியக் கொள்கை இன்று எவராலும் ஏற்கப்படுவதில்லை. ஒரு தேசத்தார் தம் பெருமைக்காக வேற்று நாட்டுப் பழம்பெயர்களைத் தமதாக்க முயன்றபோது, ஒரு தனிவாக்கியம் எவ்வளவு எளிதாக அவர்களுக்கு ஆயுதமாகிவிட்டது என்பதை இதில் காண்கிறோம்.

கலாத்திய மொழியில் எழுதப்பட்ட சாசனம் ஒன்றேனும் இதுவரை கிடைத்ததில்லை. ஒரு செய்யுளில்லை, ஒரு பிரார்த்தனையில்லை, ஒரு கணக்குச் சீட்டும் இல்லை. லியோ வைஸ்கெர்பர் 1931-இலும், பிலிப் பிரீமன் 2001-இலும் அம்மொழியின் எச்சங்களைத் தொகுத்தார்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 120 சொற்கள், அவற்றுள்ளும் மிகுதியானவை மனிதர் பெயர்கள். ஆயினும் பெயர்கள் ஊமைகளல்ல. சிசரோ ரோமில் நின்று யாருக்காக வாதாடினாரோ அந்த அரசன் தெயோதாருஸின் பெயருக்குத் தெய்வக் காளை என்று பொருள் சொல்கிறார்கள். அதெபோரிக்ஸ் என்ற பெயரின் நடுவே எபோ என்று குதிரையைக் குறிக்கும் சொல் இருக்கிறது. அதே சொல் கல்லியாவில் எபோனா என்ற குதிரைத் தேவதையின் பெயரிலும் உண்டு. ஐரிஷ் மொழியில் இச்சொல் பகரமின்றி எக் என்று வேறு உருவம் பெற்றிருப்பதால், கலாத்தியம் கல்லிய மொழியோடு ஒரே கிளையில் நின்றது என்பது இந்த ஓர் எழுத்தாலேயே புலனாகிறது. மித்ரிதாதெஸ் அரசனைக் கொல்லச் சூழ்ச்சி செய்த பொரேதோரிக்ஸ் என்ற கலாத்தியத் தலைவனைப் புளூதார்க் குறிப்பிடுகிறார். சீஸரின் குறிப்புகளில் அயெதுவர் குலத்துப் பிரபு ஒருவனுக்கு எபொரெதோரிக்ஸ் என்று பெயர். இருநூறு ஆண்டுகள் ஒருவரையொருவர் காணாத இரண்டு கூட்டத்தார் தம் பிள்ளைகளுக்கு ஒரே பெயரை இட்டார்கள் என்பது சாமானியமான செய்தியன்று. ஊர்ப்பெயர்களில், பழைய வழிநடைக் குறிப்புகளில் வரும் எக்கோப்ரிகா, மலைக்கோட்டையைக் குறிக்கும் ப்ரிகா என்ற சொல்லைக் காட்டுகிறது. கிரேக்கத் தெய்வமான ஜீயஸுக்கே அந்நாட்டார் புஸ்ஸூரிகியோஸ் என்ற தம்மொழி அடைமொழியைச் சூட்டியிருந்தனர்.

ஆனால் பெயர் நிலைப்பதால் பேச்சும் நிலைத்தது என்று துணியலாமா? இங்கேதான் ஜார்ஜ் பெரோ என்ற பிரெஞ்சு அறிஞர் குறுக்கிட்டார். 1861-இல் அவர் தோழர்களோடு கலாத்தியாவுக்குச் சென்று, அங்காராவில் அகஸ்தஸ் பேரரசனுக்கும் ரோமாபுரித் தேவிக்கும் எடுத்த ஆலயத்தையும், அதன் சுவர்களில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்துள்ள அகஸ்தஸின் செயல்வரலாற்றையும் ஆராய்ந்தவர். அந்நாடு முழுவதும் அலைந்தும் கலாத்திய மொழியில் ஒரு வரிகூடக் காணாத அவர், அம்மொழி ரோமானிய ஆட்சியின் தொடக்கத்திலேயே வழக்கொழிந்தது என்றும், ஜெரோம் மயங்கிவிட்டார் என்றும் எழுதினார். அவ்வாலயத்துப் பூசகர் வரிசை அவர் பக்கமே பேசுவதுபோல் தோன்றுகிறது. அங்கே அதெபோரிக்ஸ் மகன் அல்பியோரிக்ஸ் என்று தந்தையும் மகனும் கெல்ட்டியப் பெயரோடு விளங்கும் அதே வரிசையில், பிரிகாதுஸ் அரசனின் மகன் காஸ்தோர் என்று, தந்தை கெல்ட்டியனாகவும் மகன் கிரேக்கப் புராணப் பெயரினனாகவும் நிற்கக் காண்கிறோம். பெசினுஸ் கோயிலிலோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே, பிரீகிய மரபுப்படி அத்திஸ் என்ற பட்டப்பெயர் பூண்ட தலைமைப் பூசாரிக்கு ஆயோயோரிக்ஸ் என்ற கெல்ட்டியப் பெயருடைய சகோதரன் இருந்தான். அங்காராவுக்கு அருகே கராலார் என்ற இடத்தில் 1930-களில் தோண்டியெடுத்த அரசகுடும்பத்துக் கல்லறையிலும், தெயோதாருஸ் மகன் தெயோதாருஸைப்பற்றிய வாசகம் கிரேக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இத்தனையும் கிரேக்கத்தின் வெற்றியையே பறைசாற்றி, பெரோவின் கருத்துக்கே துணைநிற்பனபோல் தோன்றுகின்றன. போதாக்குறைக்கு, பக்கத்திலிருந்த பிரீகிய மொழி ரோமானியர் காலத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைச் சாபவாசகங்களில் எழுத்துப் பெற்றிருக்கிறது. பிரீகியர் எழுதினார்கள், கலாத்தியர் ஏன் எழுதவில்லை?

இந்த வினாவுக்கு விடை கல்லியாவிலேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அங்கே கெல்ட்டியர் தம் மொழியைக் கிரேக்க எழுத்திலும் பின்னர் லத்தீன் எழுத்திலும் எழுதினார்கள். கோலிஞ்ஞி என்ற ஊரில் 1897-இல் கிடைத்த வெண்கலப் பஞ்சாங்கமும், ஷமாலியேரில் 1971-இலும் லர்ஸாக்கில் 1983-இலும் கிடைத்த ஈயத்தகடுகளும் அதற்குச் சாட்சி. ஆனால் நான்காம் நூற்றாண்டை நெருங்கும்போது அங்கும் எழுத்து ஏறக்குறைய நின்றுபோகிறது. பேச்சு நிற்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகரத்து ஆயர் இரேனேயுஸ், கெல்ட்டியரிடையே வாழ்ந்து அவர்கள் மொழியிலேயே பழகிய தம்மிடம் சொல்நயத்தை எதிர்பார்க்கவேண்டாம் என்று வாசகரை வேண்டுகிறார். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்ட அறிஞர் உல்பியான், உரிமைப்பொறுப்புச் சாசனம் கல்லிய மொழியில் அமைந்தாலும் செல்லும் என்று விதிக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்பிசியுஸ் செவேருஸ் இயற்றிய உரையாடலில், லத்தீன் பேசக் கூசும் ஒருவரைப் பார்த்துக் கெல்ட்டியத்திலோ கல்லியத்திலோ பேசலாம் என்கிறார்கள். எழுத்து மடிந்த பின்னும் பேச்சு நிலைத்த தேசம் கண்முன் இருக்கையில், எழுதும் வழக்கத்தையே தொடக்கத்தில் மேற்கொள்ளாத கலாத்தியரின் நாட்டில் கல்வெட்டின் மௌனத்தை மொழியின் மரணமாக எப்படிக் கொள்வது? கல்லில் எழுதுவது நகரத்தார் வழக்கம். கலாத்தியரோ நகரங்களை நாடியவரல்லர். தெயோதாருஸே தன் அரண்மனையையும் கருவூலத்தையும் புளூக்கியோன், பெயியோன் என்ற நாட்டுப்புறக் கோட்டைகளில் வைத்திருந்தான். ஸ்டீபன் மிச்செல் 1993-இல் வெளியிட்ட அனதோலியா என்ற பெருநூலில் நாட்டுப்புறத்தையே முக்கியமாகக் கொண்டு, அங்கே கெல்ட்டியம் பிற்காலம்வரை நிலவியதென்று முடிவு கட்டுவது எனக்கு நியாயமாகவே படுகிறது.

அகழாய்வு இவ்விஷயத்தில் அதிகம் உதவவில்லை. கோர்தியோன் என்ற பழைய பிரீகியத் தலைநகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், 1990-களில், கழுத்து முறிந்தனவும் விலங்கெலும்புகளோடு கலந்து கிடந்தனவுமான மனித எலும்புகள் கலாத்தியர் காலத்து அடுக்கில் வெளிப்பட்டன. ஐரோப்பியக் கெல்ட்டியரின் பலிமுறையை அவை ஒத்திருந்தன. வழக்கங்கள் கூடவே வந்தன என்பதற்கு அது சான்றாகும், மொழிக்குச் சான்றாகாது.

ஆகவே ஜெரோமையே மீண்டும் விசாரிக்கவேண்டியிருக்கிறது. அவர் தம் வாலிபத்தில், 367-ஐ அடுத்த சில ஆண்டுகள், அப்போது பேரரசர் வாலெந்தினியான் கொலுவிருந்த ட்ரியரில் தங்கியிருந்தார். பின்பு கீழ்நாடு நோக்கிப் புறப்பட்டபோது திரேஸ், பித்தினியா, கலாத்தியா, கப்பதோக்கியா வழியாகச் சென்றதைத் தம் கடிதமொன்றில் சொல்கிறார். அன்கிராவைக் கண்டவர் அந்நகரம் எத்தனை மதபேதங்களால் கிழிந்து கிடக்கிறது என்பதைத் தம்மைப்போல் அறிவார் என்று இதே வியாக்கியானத்தில் எழுதுகிறார். இரண்டு நாடுகளையும் கண்ணால் கண்ட சாட்சி, ஆகவே அவர் சொல் மெய் என்று பழைய அறிஞர்கள் அமைதியடைந்தார்கள்.

அந்த அமைதியைக் கலைத்தது லாக்தாந்தியுஸின் பெயர். அதே முன்னுரையில், கலாத்தியர் என்ற பெயர் அவர்களது மேனியின் வெண்மையால் வந்தது என்ற கருத்தை, லாக்தாந்தியுஸ் புரோபுஸ் என்பவருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து, இப்போது மறைந்துபோன கடிதங்களிலிருந்து, ஜெரோம் எடுத்தாள்கிறார். மசிலியா நகரத்தார் மும்மொழியாளர் என்ற செய்தியை வார்ரோவிடமிருந்து எடுக்கிறார். முன்னுரையே பிறர் நூல்களிலிருந்து தொகுத்ததாயிருக்கையில் மொழியைப்பற்றிய வாக்கியம் மட்டும் சொந்த அனுபவமாகுமா என்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். யோகான் சோபெர் 1937-இல் இப்பிரச்சினையையே தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார். ஐயத்துக்குக் காரணமும் வலியதே. லாக்தாந்தியுஸும் இரண்டு நாடுகளை அறிந்தவர்: தியோகிளேத்தியன் அழைப்பால் கலாத்தியாவை அடுத்த நிக்கொமேதியாவில் லத்தீன் அலங்காரசாஸ்திரம் கற்பித்தார், முதுமையில் ட்ரியருக்குச் சென்று கான்ஸ்தந்தீனின் மகன் கிரிஸ்புஸுக்கு ஆசிரியரானார். ஜெரோமோ ட்ரியரில் இருந்தகாலத்தில் ஹிலாரியின் நூல்களைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தவர். உழவரோடும் ஓடக்காரரோடும் உறவாடியவராகத் தோன்றவில்லை. கலாத்தியாவில் அவர் வழிப்போக்கர்.

இவ்வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்டும், அது செய்வதாகச் சொல்லப்படும் காரியத்தை அது செய்யவில்லை என்றே கூறவேண்டும். வாக்கியம் லாக்தாந்தியுஸுடையது என்றே வைத்துக்கொண்டால், கலாத்தியம் பேசப்பட்ட காலம் 370-களிலிருந்து நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின்வாங்குகிறதேயன்றி வேறு நஷ்டமில்லை. நிக்கொமேதியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆசிரியர் ஒருவர், வழிப்போக்கரைக் காட்டிலும் நல்ல சாட்சியுமாவார். மேலும், கலாத்தியர் கல்லியரே என்பது எல்லோரும் அறிந்த பழங்கதை. வெறும் ஏட்டறிவாயின் கல்லியரின் மொழி என்று சொல்லிவிடுவது போதும். திரெவேரியர் என்று குறித்துச் சொல்வது, அந்த ஊரில் இருந்து அந்தப் பேச்சைக் கேட்ட ஒருவருடைய அடையாளம். அவர் இருவரில் எவராயினும் ஆகுக.

ஏறக்குறைய அதே மொழி என்ற பகுதிதான் எனக்கு நெருடுகிறது. இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுச் சொல்வதற்கு இரண்டிலும் ஓரளவு பயிற்சி வேண்டும்; அது இருவருக்கும் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. தெரிந்த சில சொற்கள், எண்களின் பெயர்களோ, ரொட்டிக்கும் தண்ணீருக்கும் வழங்கும் பெயர்களோ, இங்கும் அங்கும் ஒத்து ஒலித்திருக்கலாம். கேட்டவர் வியந்து ஒன்றென்று கூறியிருக்கலாம். ஆறரை நூற்றாண்டுப் பிரிவுக்குப்பின் இருதரப்பாரும் ஒருவருக்கொருவர் விளங்கப் பேசியிருப்பார்கள் என்பது நம்பத்தகாதது. ஜெரோமும் இதனை உணர்ந்தே, ஆப்பிரிக்கர் பினீசிய மொழியை மாற்றிக்கொண்டதையும், லத்தீன் இடந்தோறும் காலந்தோறும் மாறிவருவதையும் உடனே எடுத்துக்காட்டுகிறார். ஒன்றாயிருத்தல் அவர் மிகைப்படுத்தியது. உயிரோடிருத்தல் அவர் கண்டதோ கேட்டதோ.

உயிரோடிருந்தது என்பதற்கு ஜெரோமைச் சாராத சாட்சிகள் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில், பாப்லகோனியாவில் பொய்க்குறி சொல்லிப் பொருள் குவித்த அலெக்ஸாந்தர் என்பவனைப்பற்றி எழுதிய லூசியன், சிரிய மொழியிலோ கெல்ட்டிய மொழியிலோ வினாவெழுதிக் கொடுத்தவர்களுக்கு விடைசொல்ல அவன் அவ்வவ்வினத்தாரைத் தேடிப்பிடிக்கவேண்டியிருந்தது என்கிறார். அந்நாட்டுக்கு அருகில் கெல்ட்டியம் பேசியவர் கலாத்தியரன்றி வேறு யார்? அதே நூற்றாண்டில் பௌசானியாஸ், சாயத்துக்குப் பயன்படும் பூச்சி வாழும் ஒருவகைச் செடியைக் குறித்துப் பேசும்போது, பிரீகியாவுக்கு அப்பாலுள்ள கலாத்தியர் தம் மொழியில் அதற்கு வழங்கும் பெயர் இன்னதென்று குறிக்கிறார்.

இவற்றினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஆறாம் நூற்றாண்டுச் சான்று. சிதோபொலிஸ் ஊரைச் சேர்ந்த சிரில் என்னும் துறவி, யூதேயப் பாலைவனத்து மகான் எவுதீமியுஸின் சரித்திரத்தை எழுதும்போது, கலாத்தியாவிலிருந்து வந்த ஒரு துறவியைப் பேய் பிடித்து நாவைக் கட்டிவிட்டது என்றும், பேசும்படி வற்புறுத்தியபோது அவர் கலாத்திய மொழியிலேயே பேசினார் என்றும், மகானின் சமாதியில் அவர் குணமடைந்தார் என்றும் கூறுகிறார். அற்புதக் கதைகளில் பேய் பிடித்தவர் வேற்றுமொழி பேசுவது வழக்கம்தானே என்று இதனைத் தள்ளிவிடுவார் உண்டு. ஆனால் அவ்வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். ஜெரோமே எழுதிய ஹிலாரியோன் சரித்திரத்தில் பிராங்க் இனத்து அதிகாரி ஒருவன், தான் ஒருபோதும் கற்காத சிரிய மொழியைப் பேய்வசப்பட்டுப் பேசுகிறான். அங்கே அறியாத மொழி அற்புதத்தின் அடையாளம். சிரில் கூறும் துறவியோ தான் பிறந்த நாட்டு மொழியைப் பேசுகிறார். நோயுற்றவன் பின்னர்க் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்குத் திரும்புவது வைத்தியர்களும் அறிந்ததே. கதை புனைபவர் இத்தகைய நுணுக்கத்தை வலிந்து கற்பிக்க ஒரு காரணமுமில்லை. கலாத்தியாவின் கிராமம் ஏதோ ஒன்றில் கெல்ட்டியம் அன்னை மடியில் கற்கும் மொழியாக ஜெரோமுக்குப் பின்னும் இருந்திராவிடில் சிரிலுக்கு இச்செய்தி கிடைத்திருக்க வழியில்லை என்றே நான் கொள்கிறேன்.

பிரான்ஸில் ஷதோப்லோ என்ற சிற்றூரில் 1997-இல், சுடுமண் ஓடொன்றின்மேல் ஈரம் காயுமுன் கீறிய நீண்ட கல்லிய வாசகம் கிடைத்தது. அரசனோ பூசகனோ எழுதுவித்த கல்வெட்டன்று அது. ஓட்டுச்சூளையில் யாரோ கைவிரைவில் கீறியது. அங்காராவைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் நகரங்களுக்கும் கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் பின்பு, ரோமானியர் காலத்துக் கிராமங்களையும் சூளைகளையும் தோண்டும் காலம் வரும்போது ஆராய்ச்சியாளர் தேடவேண்டியது இத்தகைய ஓட்டைத்தான்.